காக்ளியா: நத்தையா, எலும்பா, சுருளா?

"பிள்ளைக்குக் காக்ளியர் வைச்சாச்சு" என்று பெற்றோர் சொல்வது இப்போது காதில் விழுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட, காது கேளாத குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை நடப்பதால் சொல்லும் ஊருக்குள் வந்துவிட்டது. உண்மையில் காக்ளியர் என்பது கருவியின் பெயர் அல்ல. உள்காதில் ஒலியை உணரும் காக்ளியா என்னும் உறுப்பைச் சார்ந்தது என்று பொருள் தரும் பெயரடை. முழுப்பெயர் காக்ளியர் இம்ப்ளான்ட். பின்பாதி உதிர்ந்துபோய் முன்பாதியே கருவியாக நிற்கிறது.

காக்ளியாவின் வேர் கிரேக்கம். அங்கே கொக்லியாஸ் என்றால் சுருள் ஓடு கொண்ட நத்தை. லத்தீனில் அது நத்தையோடு நிற்கவில்லை. தண்ணீரை மேலேற்றும் திருகு எந்திரத்துக்கும் ரோமானியர்கள் அதே பெயரைச் சொன்னார்கள். 1561இல் பதுவா நகரத்து உடற்கூறு அறிஞர் கேப்ரியல் ஃபலோப்பியோ உள்காதின் சுருளுக்கு இந்தப் பெயரை வைத்தார்.

நத்தைக்குத் தமிழில் பழைய பெயர் நந்து. சங்குக்கும் அதுவே பெயர். தொல்காப்பிய மரபியல் "நந்தும் முரளும் ஈரறிவினவே" என்று அதைத் தொடுதலும் சுவைத்தலும் மட்டுமே தெரிந்த உயிர்களோடு சேர்க்கிறது. "ஐந்தறிவதுவே அவற்றொடு செவியே" என்று கேள்வி கடைசிப் புலனாக வருகிறது. கேட்கவே தெரியாத உயிரின் பெயரைக் கேட்கும் உறுப்புக்கு வைத்திருக்கிறார்கள்! ஃபலோப்பியோவுக்கு இந்த வேடிக்கை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழில் இதற்கு நத்தை எலும்பு, நத்தைக்கூடு, நத்தைச்சுருள், செவிச்சுருள் என்று பல சொற்கள் உலவுகின்றன. இவற்றில் நத்தை எலும்பு எனக்கு ஒப்பவில்லை. நடுக்காதின் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் குட்டி எலும்புகள் போலத் தனியாக எடுத்துக் காட்டக்கூடிய எலும்பு அல்ல இது. பொட்டெலும்பின் உள்ளே குடைந்த சுருள் பள்ளம். அதற்குள் திரவம், மெல்லிய சவ்வுகள், அவற்றில் ஒன்றின்மேல் ஒலி அதிர்வை நரம்புக்குச் சொல்லும் கார்ட்டி உறுப்பு. எலும்பு என்று பெயர் வைத்தால், கேட்பவர் வெளியே ஸ்கேலை வைத்து அளக்கக்கூடிய பொருளாக எண்ணிக்கொள்வார். மருத்துவர் அளப்பதோ உள்ளே இருக்கும் குடைவை.

அந்த அளவுதான் இன்று சொல்லுக்கு வேலை வைக்கிறது. சுருளுக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் இரண்டே முக்கால் சுற்று. அடியில் கூர்மையான ஒலி, உச்சியில் கனத்த ஒலி என்று ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம். கருவியின் மின்முனைச் சரம், அதாவது மின்சாரம் செலுத்தும் முனைகள் வரிசையாகப் பதித்த மெல்லிய கம்பி, சுருளின் அடியில் சவ்வு மூடிய வட்டச் சாளரம் என்னும் சிறு துளையின் வழியாகவோ அதன் அருகிலோ உள்ளே நுழைந்து, அந்தந்த இடத்து நரம்பைத் தூண்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே நீளம் என்றால் சிக்கலே இல்லை. 1938இல் ஹார்டி என்ற ஆய்வாளர் அளந்தபோதே கார்ட்டி உறுப்பு ஒருவருக்கு 25 மி.மீ., இன்னொருவருக்கு 35 மி.மீ. என்று மாறியது. சிறிய சுருளுக்குள் நீண்ட சரத்தைத் தள்ளினால் மடங்கும், உள்சவ்வைக் கிழிக்கும். பெரிய சுருளில் குட்டையான சரம் உச்சிப் பகுதியைத் தொடாமலே நின்றுவிடும்.

சுருண்டதை விரித்து அளக்க முடியாது. அதனால் சிடி ஸ்கேனில் அடிச்சுற்றின் விட்டத்தை எடுக்கிறார்கள்: வட்டச் சாளரத்தில் தொடங்கி, நடு அச்சைக் கடந்து, எதிர்ச்சுவர் வரை ஒரு நேர்கோடு. சுமார் 9 மி.மீ. வரும். அந்த எண்ணிலிருந்து முழு நீளத்தைக் கணக்கிடுவார்கள். பிறக்கும்போதே சுருள் பெரியவர்களுக்கு உள்ள அளவை எட்டிவிடுவதால், ஒரு வயதுக் குழந்தைக்கு எடுத்த அளவு நாற்பது வயதிலும் செல்லும்.

அந்த நடு அச்சின் பெயர் மோடியோலஸ். லத்தீனில் மோடியஸ் என்பது தானியம் அளக்கும் மரக்கால் மாதிரியான ஒரு முகத்தலளவை. மோடியோலஸ் அதன் குட்டி, வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அதே பெயர். நம் மாட்டு வண்டியில் அந்தப் பகுதிக்குக் குடம் என்று பெயர். சுருளின் குடம் என்றே சொல்லிவிடலாம். மைய அச்சுத்தண்டு என்று மூன்று சொல்லைக் கோக்க வேண்டியதில்லை.

சுற்றின் எண்ணிக்கையும் அளவுதான். 1791இல் பொலோனா நகரத்துக் கார்லோ மோண்டினி, பிறவியிலேயே காது கேளாத ஒரு சிறுவனின் உள்காதை அறுத்துப் பார்த்து, அங்கே ஒன்றரைச் சுற்றே இருந்ததை எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் அந்தக் குறை இன்றும் வழங்குகிறது.

சங்கு உவமை வெறும் உவமையாக நின்றுவிடவும் இல்லை. 1977இல் ஆஸ்திரேலியக் காது மருத்துவர் கிரேம் கிளார்க், மின்முனைகளைச் சுருளுக்குள் எப்படி ஆழமாகச் செலுத்துவது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். கடற்கரையில் சங்கு போலச் சுருண்ட ஒரு கிளிஞ்சலை எடுத்துப் புல்லைச் செருகிப் பார்த்தார். நுனி இளகியும் அடி விறைத்தும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. மறு ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று மெல்பர்னில் பல மின்முனைகள் கொண்ட தம் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்.

ஆகவே என் தேர்வு: உறுப்புக்குச் செவிச்சுருள், கருவிக்குச் செவிச்சுருள் உட்பொருத்தி. நத்தை போய்விட்டதே என்று வருந்துவோர் நத்தைச்சுருள் என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. நீளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்கேன் அறிக்கையில் வரும் காக்ளியர் டக்ட் லெங்த் என்பதைச் செவிச்சுருள் நீளம் என்று மொட்டையாக எழுதினால் போதாது. வெளிச்சுவரை ஒட்டி அளந்தால் ஒரு நீளம், கார்ட்டி உறுப்பின் வழியே அளந்தால் இன்னொரு நீளம். இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. வெளிச்சுவர் நீளம், கார்ட்டி நீளம் என்று பிரித்தே எழுத வேண்டும்.