உங்களுக்குத் திறக்கும் லிங்க் மாணவருக்குத் திறக்காது

செமஸ்டர் தொடங்கியதும் நூலகக் கவுண்டருக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "மேடம், கூகுள் கிளாஸ்ரூமில் சார் போட்டிருக்கிற கட்டுரைக்கு டாலரில் பணம் கட்டணுமா?" போன வாரம் முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் போனை நீட்டினார். ஒரு கட்டுரைக்கு முப்பது டாலருக்கு மேல் விலை. அப்பாவிடம் சொல்லி கார்டு எண்வரை வாங்கி வைத்திருந்தார். அந்த ஆய்விதழுக்கு எங்கள் கல்லூரி ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

துறைக்குப் போய் ஆசிரியரிடம் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "எனக்குத் திறக்குதே மேடம்!"

திறக்கும். ஏன் திறக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நீங்கள் துறையில், கல்லூரி வைஃபையில் உட்கார்ந்து கிளிக் செய்கிறீர்கள். பதிப்பகத்தின் சர்வர் உங்கள் பெயரையோ பதவியையோ பார்ப்பதில்லை. கல்லூரியின் ஐபி முகவரியை, அதாவது கல்லூரி இணைய இணைப்பின் அடையாள எண்ணை, மட்டும் பார்த்துக் கட்டுரையைக் கொடுத்துவிடுகிறது. லாகின் கேட்காததால் அது இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதுபோல உங்களுக்குத் தோன்றுகிறது. கல்லூரிப் பேருந்தில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்பதால் அந்தப் பயணம் இலவசம் ஆகிவிடுமா? பணம் வேறு இடத்தில் கட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். மாணவர் இரவு பத்து மணிக்கு வீட்டில் மொபைல் டேட்டாவில் அதே லிங்க்கைத் தொடுகிறார். சர்வருக்கு அவர் யாரோ ஒருவர். அதனால் விலையைக் காட்டுகிறது. லிங்க்கில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் சோதித்த இடம்தான் தவறு.

இப்போது புதிதாக இன்னொரு பதிலும் சேர்ந்திருக்கிறது: "ஒரே நாடு ஒரே சந்தா வந்துவிட்டதே, இனி எல்லாருக்கும் இலவசம்தானே?" இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய அந்த மத்திய அரசுத் திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் தருகிறது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த முதல் கட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கும், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். உங்கள் கல்லூரி அதில் இருந்தாலும், மாணவர் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று சர்வருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரி, எந்த லிங்க்கைப் போடுவது? பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே காப்பி செய்யாதீர்கள். பிடிஎஃப் திறந்திருக்கும்போது அந்த முகவரியை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். சில பதிப்பகங்களில் நாலைந்து வரி நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஓடும். அதன் நடுவே 'எக்ஸ்பயர்ஸ்' என்று ஒரு சொல், பக்கத்தில் 300 என்று ஓர் எண். அது வினாடிக் கணக்கு. ஐந்து நிமிடத்தில் செத்துப்போகும் லிங்க்கை ஒரு செமஸ்டர் முழுக்க நிற்க வேண்டிய பாடப்பக்கத்தில் ஒட்டுகிறோம்!

கட்டுரையின் முதல் பக்கத்தில் 10 என்று தொடங்கும் டிஓஐ எண் இருக்கும். அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர அடையாள எண் அது. அதை வைத்து லிங்க் கொடுங்கள். இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினாலும் அது புது இடத்துக்கு அழைத்துப் போகும். டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளுக்கு, ஜேஸ்டோர் போன்ற தளங்கள் நிரந்தர லிங்க் என்று தனியாகவே தருகின்றன.

டிஓஐ வழியைக் காட்டும், கதவைத் திறக்காது. கதவு திறப்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வெளியிலிருந்து வருபவரைக் கல்லூரி லாகின் வழியாக உள்ளே விடும் ஈஸிபிராக்ஸி என்ற மென்பொருளை வைத்திருக்கும் நூலகம் என்றால், லிங்க்குக்கு முன்னால் சேர்க்க வேண்டிய ஒரு முன்னொட்டு உண்டு. நூலகரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுவார். அதைச் சேர்த்தால் மாணவருக்கு முதலில் கல்லூரி லாகின் வரும், அப்புறம் கட்டுரை. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற பொது லாகின் கூட்டமைப்பு வழியாக வரும் கல்லூரி என்றால், பதிப்பகத்தின் பக்கத்திலேயே 'உங்கள் நிறுவனத்தின் வழியாக நுழைக' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திக் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் பாடப்பக்கத்தில் லிங்க்குக்குக் கீழே ஒரு வரியாக எழுதுங்கள். மாணவர்கள் கண்ணில் விலைதான் முதலில் படுகிறது, பட்டன் படுவதே இல்லை.

"இவ்வளவு தொல்லை எதற்கு, பிடிஎஃப்பையே ஏற்றிவிடுகிறேன்" என்பவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பாடம் நடத்தப் பிரதியெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக போட்டோகாப்பி வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அதற்கு விரிவாகவே பொருள் சொன்னது. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மின்னிதழ்களை நாம் உரிம ஒப்பந்தத்தின் பேரில் வாங்குகிறோம். ஏற்றலாமா கூடாதா என்று அந்த ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். பூட்டில்லாத டிரைவில் போடுவதை ஒப்பந்தங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன் இறக்கிய பிடிஎஃப் ஒன்று யாருடைய டிரைவிலாவது கிடந்தால், அதில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது. லிங்க் வழியாகப் போகும் மாணவருக்குத்தான் அது கண்ணில் படும். இன்னொன்று: பிடிஎஃப் கைமாறிக்கொண்டே இருந்தால் பயன்பாட்டுக் கணக்கில் எதுவும் ஏறாது. சந்தா புதுப்பிக்கும் கூட்டத்தில் "இதை யாரும் படிப்பதில்லையே, வெட்டிவிடலாம்" என்பார்கள். உங்கள் வகுப்பில் அறுபது பேர் படித்தார்கள் என்று காட்ட எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யுங்கள். பாடப்பக்கத்தை வெளியிடும் முன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, இன்காக்னிட்டோ விண்டோவில் மாணவராக நின்று ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டுப் பாருங்கள். போன வருடப் பாடப்பக்கத்தை அப்படியே காப்பி செய்பவர்கள் கண்டிப்பாக. கல்லூரி பிராக்ஸியை மாற்றியிருந்தால் பழைய லிங்க் அத்தனையும் ஒரே நாளில் போயிருக்கும். லிங்க் பக்கத்தில் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு ஆகியவற்றையும் எழுதுங்கள். 'இதைப் படிக்கவும்' என்று மட்டும் எழுதி லிங்க்கை ஒட்டினால், அது உடைந்த பிறகு எந்தக் கட்டுரை என்று எங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கும் நேரமில்லை என்றால், படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே நூலகத்துக்கு அனுப்புங்கள். எக்செல் வேண்டாம், கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினாலும் போதும். லிங்க் போட்டு, வெளியிலிருந்து திறந்து பார்த்துத் தருவது எங்கள் வேலை.