நெட் இல்லாத பேக்: விதி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும்

பிள்ளைகளோடு பேசவும் வங்கியிலிருந்து வரும் ஓடிபியைப் பார்க்கவும் மட்டுமே பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்கள், தாங்கள் ஒருநாளும் தொடாத இணையத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்து வருகிறேன். ரீசார்ஜ் கடையில் அவர்களுக்குக் காட்டப்படுவது தினசரி டேட்டாவோடு வரும் பேக் மட்டுமே என்பதால், வேறு வழி இல்லை என்றே அவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

வேறு வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2024 டிசம்பர் 23 அன்று நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளைத் திருத்தி, குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட சிறப்புக் கட்டண வவுச்சர், அதாவது ரீசார்ஜ் பேக், ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று ஆணையிட்டது. முன்பு 90 நாட்களாக இருந்த இத்தகைய வவுச்சர்களின் அதிகபட்ச வேலிடிட்டியும் 365 நாட்களாக உயர்த்தப்பட்டது. இதைப் பெற வயதுச் சான்றோ, வருமானச் சான்றோ, விண்ணப்பமோ தேவையில்லை. ப்ரீபெய்ட் சிம் இருந்தால் போதும்.

ஆனால் எத்தனை நாட்களுக்கு, என்ன விலைக்குத் தர வேண்டும் என்பதை விதி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. அதன் விளைவாக, 2025 ஜனவரியில் தனியார் நிறுவனங்கள் கொண்டுவந்த பேக்குகள் 84 நாள், ஏறத்தாழ ஓராண்டு என்று நீண்ட காலத்துக்கானவையாகவே இருந்தன. 84 நாட்களுக்கு ஜியோவில் 448 ரூபாய், ஏர்டெல்லில் 469 ரூபாய் என்பது அப்போதைய விலை. 28 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் சுமார் 150 ரூபாய்தான் வருகிறது. ஆனால் அன்றாடக் கூலியில் வாழும் ஒருவரால் 84 நாளுக்கான முழுத் தொகையையும் ஒரே தவணையில் எடுத்துவைக்க முடியுமா என்பதை ஆணையத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விலைகள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் “ரீசார்ஜ் பண்ணுங்க” என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்துவிடாதீர்கள். “நெட் வேண்டாம், கால் மட்டும் இருக்கிற 84 நாள் பேக் போடுங்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்படி ஒன்று கிடையாது என்று பதில் வந்தால், அது பெரும்பாலும் கடைக்காரரின் திரையில் முதல் பக்கத்தில் இல்லை என்பதாகவே இருக்கும். நிறுவனத்தின் செயலியில் வேறொரு தலைப்பின் கீழ் இருக்கும். வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவரைக் கொண்டு தேடி ரீசார்ஜ் செய்துகொள்வதே மேல். தவறான பேக் ஏறிவிட்டால் பணம் திரும்புவது அரிது. ஆகவே தொகையையும் வேலிடிட்டியையும் திரையில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். ஓடிபி வராது என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்; நமக்கு வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டாவும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

இந்தப் பேக்கை ஸ்மார்ட்போனில் போடுவோர், மெயின் பேலன்ஸில் பணம் இருந்து டேட்டாவும் திறந்திருந்தால் அந்தப் பணம் கரைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1925 என்ற எண்ணுக்கு அழைத்து டேட்டாவையே நிறுத்திவிடலாம். கேட்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும் காலர் டியூன் போன்ற சேவைகளை நிறுத்த 155223 இருக்கிறது.

பலரை ஏமாற வைப்பது இருபது ரூபாய் பற்றிய செய்தி. பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் சிம் உயிரோடு இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் பரவுவதை நம்பி, ஊரில் தனியாக இருக்கும் தாயின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டவர்கள் உண்டு. 90 நாட்கள் பயன்படுத்தப்படாத எண்ணைத் துண்டிக்கும்போது, 20 ரூபாய் இருப்பு இருந்தால் துண்டிக்கக் கூடாது என்பதே விதி. பேக் முடிந்த பின்னும் இன்கமிங் வரும், ஓடிபி வரும் என்று அது உறுதி தரவில்லை. ஆதாருடனும் வங்கிக் கணக்குடனும் இணைத்த எண், அந்த இருப்பும் இல்லாமல் துண்டிக்கப்பட்டால், சில மாதங்களில் அது வேறொருவருக்குப் போய்விடலாம்; அதன் பிறகு வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் அலைய வேண்டியவர் அந்த முதியவர்தான். இரண்டாவது சிம் வைத்திருப்போர், எந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்பதைப் பார்த்த பிறகே ஒன்றைக் கைவிட வேண்டும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தையே மாற்ற நினைத்தால், ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்ற சொல்லையும் இடைவெளி விட்டு உங்கள் எண்ணையும் தட்டச்சு செய்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், புதிய நிறுவனத்திடம் தர வேண்டிய ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களே செல்லும் என்பதால், புதிய நிறுவனத்தின் கடைக்குப் போகும் நாளில் அனுப்புவது நல்லது. சிம் வாங்கியோ கடைசியாக மாறியோ 90 நாட்கள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கக் கூடாது. தொலைந்த சிம்முக்குப் பதில் புதிய சிம் வாங்கியவர்களுக்கு, 2024 ஜூலை 1 முதல், ஏழு நாட்களுக்குக் குறியீடு கிடைக்காது. “உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, முதலில் பெரிய பேக் போடுங்கள், பிறகு மாறலாம்” என்று சொல்லி வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் வழக்கம் இருந்தது. எந்தப் பேக்காக இருந்தாலும் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வழிவிட வேண்டும் என்று ட்ராய் 2021 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது. யாராவது மறுத்தால் அந்த உத்தரவைச் சொல்லுங்கள்.

மாறுவதற்கு முன் கையில் இருக்கும் போனையும் பாருங்கள். ஜியோவில் 2ஜி சேவை கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனை வைத்துக்கொண்டு அங்கே மாறினால் போன் ஊமையாகிவிடும். அந்த நிறுவனம் மலிவாகத் தரும் ஜியோபாரத் போன்ற கருவிகளிலோ வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது. ஆகவே வாங்கும்போதே இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய போன் வாங்குவோர், நட்சத்திரம், ஹாஷ், 06, மீண்டும் ஹாஷ் என்று அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதித்துவிட்டு, அந்த எண் எழுதப்பட்ட பில்லோடு வாங்க வேண்டும். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்ட கருவி எந்த நிறுவனத்தின் சிம்முக்கும் பயன்படாது.

புகார் என்று வந்தால்தான் உண்மையான அலைச்சல் தொடங்கும். ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதினால் அது நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பப்படும். எனவே முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் சொல்லி, டாக்கெட் எண்ணை, அதாவது புகாரின் பதிவு எண்ணை, கேட்டு வாங்குங்கள். பேசியவர் எவ்வளவு கனிவாகப் பேசியிருந்தாலும் அந்த எண் இல்லாவிட்டால் புகார் கொடுத்ததற்கே சான்று கிடையாது. குறித்த காலத்தில் தீர்வு வராவிட்டாலோ, தந்த தீர்வு சரியில்லாவிட்டாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் பயன் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். தொலைபேசி வழக்குகள் அங்கே செல்லாது என்று இன்னமும் சிலர் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே வழக்குக் கட்டணமும் கிடையாது. ரீசார்ஜ் செய்த எஸ்எம்எஸ், டாக்கெட் எண், மேல்முறையீட்டுக்கு வந்த பதில் ஆகிய மூன்றையும் அச்செடுத்துக் கொண்டு செல்லுங்கள்.