மதிப்பெண் இல்லாத ரெக்கார்டு நோட்டு

எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டில் ஹிஸ்டாலஜி, அதாவது உடல் திசுக்களைப் பற்றிய வகுப்புக்கென்றே எல்லோரும் இரண்டு நிறத்தில் பென்சில் வாங்குவார்கள். ஊதா, இளஞ்சிவப்பு. சாயம் ஏற்றிய திசு மைக்ரோஸ்கோப்பில் அப்படித்தான் தெரியும்: உட்கரு ஊதா, மற்றதெல்லாம் பெரும்பாலும் இளஞ்சிவப்பு. ஸ்லைடைப் பார்த்து வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பது வேறு. சீனியரின் ரெக்கார்டு நோட்டு ஹாஸ்டலில் அறை அறையாகச் சுற்றும். விடிய விடியக் காப்பி அடித்து, காலையில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஸ்லைடைப் பார்க்காமலே கல்லீரல் வரைந்த டாக்டர்கள் நம்மில் ஏராளம். நர்சிங் படிப்பிலும் இதே கதைதான். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஃபிளாஷ் கார்டு, எல்லாமே இன்டர்னல் மார்க்குக்காக.

ஆகவே மருத்துவப் படிப்பில் வரைவதற்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கும் இடத்தை மார்க் விழுங்கிவிட்டது. இங்கே நீலகிரியில் மருத்துவ, நர்சிங் மாணவர்களோடு மாலை நேரத்தில் வரைய உட்காரும்போது எங்களுக்கு ஒரே கட்டுப்பாடுதான்: யாரும் யாருடைய படத்தையும் திருத்தக் கூடாது.

அப்படி ஒருநாள், வார்டில் இருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் கையை மட்டும் வரைந்தாள் ஒரு நர்சிங் மாணவி. கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரல்கள், நுனியெல்லாம் வெடிப்பு. கேஸ் ஷீட்டில் காலையிலேயே ‘பேலர்’, அதாவது ரத்தசோகையில் வரும் வெளிறல், என்று எழுதியாகிவிட்டது. நகத்துக்கு வந்ததும் கோடு சரியாக விழவில்லை. அழித்து அழித்து வரைந்தவள், “மேடம், நகம் மேல வளைஞ்சுதானே இருக்கணும்? இவங்களுக்கு உள்ள குழிஞ்சிருக்கு” என்றாள். நாட்பட்ட இரும்புச்சத்துக் குறைவில் நகம் கரண்டி மாதிரி குழியும் என்பது அவள் மனப்பாடம் செய்த வரிதான். நகத்தைக் கண்டது அன்றுதான். அந்த அக்கா படத்தை எட்டிப் பார்த்து, “என் கை இவ்ளோ கெழடாவா இருக்கு?” என்று சிரித்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். மாதாமாதம் அளவுக்கு மீறிப் போகும் ரத்தப்போக்கைப் பற்றிய பேச்சு அப்போதுதான் வந்தது. காலையில் கேள்வி மேல் கேள்வி கேட்டும் வாயில் வராத விஷயம் அது.

இது தற்செயல் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப் போய், படங்களை நின்று பார்த்து விவரிக்கப் பழக்கினார்கள். நோயாளிகளின் புகைப்படங்களைக் கவனித்துச் சொல்வதில் அவர்கள் மற்றவர்களைவிடத் தேறியிருந்ததாக 2001-ல் ஜாமா மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மன இறுக்கத்தைப் பொறுத்தவரை டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வை அடிக்கடி சொல்வார்கள்: 39 பேர், 45 நிமிடம் வரைதல், களிமண், ஒட்டுப்படம். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன இறுக்க ஹார்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட இன்னொரு குழுவும் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு ‘கலையே மருந்து’ என்று போஸ்டர் அடிக்க வேண்டாம்.

“எனக்கு இதுக்கெல்லாம் எங்கே நேரம்” என்னும் சீனியர் டாக்டர்களுக்கு ஸ்பெயினின் நரம்பியல் விஞ்ஞானி ரமோன் இ காஹலை நினைவுபடுத்துவேன். ஓவியனாக ஆசைப்பட்டவரை மருத்துவத்துக்குத் தள்ளியவர் அவருடைய அப்பா. நம் ஊர் அப்பாக்கள் போலத்தான். மைக்ரோஸ்கோப்பில் கண்ட நரம்பணுக்களை அவர் கையால் வரைந்த படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. 1906-ல் நோபல் பரிசும் வந்தது.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்த பிறகு, கீழேயிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இங்கே அதிகம். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை மழையும் மூட்டமும். வெயிலைப் பார்க்காமல் பல நாள் போகும். துவைத்த ஜீன்ஸ் காயாது, வாட்டர் கலரும் காயாது. அதனால் கிரேயானும் பால்பாயின்ட் பேனாவும் போதும். தாளுக்கு மருந்து அட்டைப்பெட்டியின் உட்பக்கம். சிலர் ஊசி நூல் எடுத்து, இங்குள்ள தோடர் பழங்குடியினரின் பூவேலையைப் பழகிப் பார்த்தார்கள். துணியில் படம் போட்டுக்கொள்ளாமல் இழையை எண்ணியே கருப்பும் சிவப்புமாகத் தைக்கும் வேலை அது, 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. தையல் போடும் கையென்று பெருமைப்பட்ட ஹவுஸ் சர்ஜன்கள் முதல் வரிசையிலேயே எண்ணிக்கையைத் தவறவிட்டார்கள்!

ஒரு எச்சரிக்கை. நோயாளியின் முகம், பெயர், பச்சை குத்திய அடையாளம், இவை படத்தில் வேண்டாம். அனுமதி வாங்கி வரைந்த கையானாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. சின்ன மலை ஊர், யார் கை என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றையும் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு மணி நேர டூட்டி போட்டுவிட்டுக் கிரேயான் பெட்டி கொடுப்பது கேலி. முதலில் தூங்க விடுங்கள். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறவருக்குத் தேவை மனநல மருத்துவர், வரைபலகை அல்ல. அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். டாக்டரும் நர்சும் கூப்பிடலாம், அதில் வெட்கம் எதற்கு?

மே 12 செவிலியர் தினத்துக்கும் ஜூலை 1 மருத்துவர் தினத்துக்கும் ஓவியப் போட்டி வைப்பவர்கள் இந்தத் தடவை நடுவர், கோப்பை, தலைப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். ஒரு அறை, ஒரு மணி நேரம், அந்த நேரத்துக்கு டூட்டி பார்த்துக்கொள்ள மாற்று ஆள். செலவு அவ்வளவுதான்.