பேய் வீட்டுத் தொழிலின் சந்தைக்கு எந்த ஊர்? முதலில் சரக்கு வாசலில் நின்று பாருங்கள்

அந்தக் கணவனும் மனைவியும் இரவு முழுக்க வேன் ஓட்டி வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் ஒஹாயோவில் ஒரு சிற்றூர். ரப்பர் முகமூடிகளும் நுரையில் வார்த்த பிணங்களும் செய்து பேய் வீடுகளுக்கு விற்பது அவர்கள் தொழில். பத்துக்குப் பத்து அடியில் ஒரு ஸ்டால் எடுத்து, மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்டி, இருட்டறை போல ஆக்கியிருந்தார்கள். கண்காட்சி திறக்க மூன்று மணி நேரம் இருந்தபோது தீயணைப்புத் துறை ஆய்வாளர் வந்தார். துணியின் ஓரத்தில் அரை அங்குல அகலத்துக்கு, நான்கு அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். அதை வெளியே கொண்டுபோய் இடுக்கியில் தொங்கவிட்டு, அடியில் தீக்குச்சியைக் காட்டினார். 12 விநாடி. குச்சியை விலக்கியதும் 2 விநாடிக்குள் துணி அணைய வேண்டும். அணையவில்லை. உருகிய துளிகள் எரிந்தபடியே தரையில் சொட்டின.

"எல்லாத்தையும் கழற்றுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஏணியில் ஏறி ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஊரில் கண்காட்சி நடத்தலாம் என்று முடிவெடுத்த குழுவில் நானும் இருந்தேன். ஊரைப் பார்க்க இரண்டு முறை போனோம். ஹோட்டல் வரவேற்பறை, விருந்து மண்டபம், ஆற்றங்கரை எல்லாம் பார்த்தோம். தீயணைப்பு அலுவலகத்துக்கு மட்டும் போகவில்லை. எந்தத் துணி செல்லும், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று ஸ்டால் எடுத்தவர்களுக்கு ஒரு தாள் எழுதி அனுப்பியிருந்தால் போதும், அந்தக் காலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அமெரிக்காவில் கண்காட்சிகளுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. மருத்துவக் கருவி, சமையலறைச் சாமான், படகு என்று பலதும் பார்த்தாயிற்று. பேய் வீட்டுத் தொழிலின் கண்காட்சிதான் அரங்கத்தையும் ஊரையும் மிகக் கடுமையாகச் சோதிப்பது. இந்தத் தொழிலில் இறங்கும் நம்மவர்களும், நிகழ்ச்சி மேலாண்மை படித்துவிட்டு வரும் இளையவர்களும் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் டிக்கெட் வாங்கி நுழையும் பேய் வீடு நினைவிருக்கும். அமெரிக்காவில் அது ஒரு முழுத் தொழில். 1970களில் ஜேசீஸ் போன்ற தொண்டு அமைப்புகள் நிதி திரட்ட ஊர் ஊராகப் பேய் வீடு போட்டன. அதிலிருந்து வளர்ந்து இன்று அட்லாண்டாவின் நெதர்வேர்ல்ட், செயின்ட் லூயிஸின் தி டார்க்னஸ் போலப் பெரிய அளவில் நடக்கிறது. பிலடெல்பியாவில் மூடப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலையே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் இதற்காகத் திறக்கிறது. ஆனால் வருமானம் வருவது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரைதான். மீதி மாதமெல்லாம் செலவு. சோளக்காட்டில் பேய் வீடு நடத்தும் ஒரு குடும்பம் அந்தச் சில வார வசூலை வைத்தே அடுத்த ஆண்டுக்கான பொம்மைகளை வாங்கியாக வேண்டும்.

அதனால் ஊரைப் பேசுவதற்கு முன் மாதத்தைப் பேச வேண்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் பெரிய அனிமேட்ரானிக்ஸ் பொம்மையை ஆர்டர் கொடுத்துச் செய்து முடிக்கப் பல மாதம் ஆகும். கோடைக்குள் சரக்கு கைக்கு வந்தால்தான் பொருத்தி, ஓட்டிப் பார்த்து, நடிகர்களைப் பழக்க முடியும். குளிர்காலம் முடிகிற தறுவாயில், மார்ச்சை ஒட்டிச் சந்தை கூடுவது அதனால்தான். அந்த மாதத்தில் மிச்சிகனிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் வேனில் கிளம்புகிறவர் பனியில் சிக்காமல் வந்து சேர வேண்டும். வரைபடத்தில் அழகாகத் தெரியும் பல ஊர்கள் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிடும்.

டிரான்ஸ்வேர்ல்ட் நிறுவனம் நடத்தும் ஹாலோவீன் கண்காட்சி பல ஆண்டுகளாக மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில், அமெரிக்காஸ் சென்டர் அரங்கத்தில் கூடுகிறது. அந்த ஏற்பாட்டாளர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பது அவர்கள் விஷயம். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு அது பாடம் எடுக்கத் தகுந்த ஊர். 44, 55, 64, 70 என்று நான்கு நெடுஞ்சாலைகள் அங்கே சேர்கின்றன. சிகாகோ ஏறக்குறைய 300 மைல், இந்தியானாபோலிஸும் கான்சஸ் சிட்டியும் சுமார் 250 மைல், நாஷ்வில் 300 மைல் சொச்சம். அதிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சரக்கை இறக்கிவிடலாம். விமானத்தில் வருகிறவருக்கு நிலையத்திலிருந்தே மெட்ரோலிங்க் ரயில் இருக்கிறது, அரங்கத்தின் அருகிலேயே இறங்கலாம். ஹோட்டல்கள் நடக்கும் தூரத்தில். ஒப்பனையோடு, கொம்பும் ரத்தமுமாகத் தெருவைக் கடக்கிறவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் கையசைப்பார்கள். இந்தத் தொழில்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

லாஸ் வேகாஸையும் ஆர்லாண்டோவையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அரங்க வசதியில் அவற்றுக்கு ஈடு குறைவு. ஆனால் ஒஹாயோ வேன் அங்கே போய்ச் சேராது. போனாலும் பெட்ரோலும் வழியில் தங்கும் செலவும் சேர்ந்து, விற்கிற முகமூடியின் லாபத்தை விழுங்கிவிடும். பெரிய நிறுவனங்கள் எந்த ஊருக்கும் வரும். சின்ன ஸ்டால்காரர் எந்த ஊருக்கு வர முடியும் என்பதுதான் என் அளவுகோல். அவர் வராத கண்காட்சியில் புதுச்சரக்கு இருக்காது. இந்தத் தொழிலில் புது யோசனையெல்லாம் யாரோ ஒருவருடைய கார் ஷெட்டில்தான் பிறக்கிறது.

இனி சரக்கு வாசலுக்கு வருவோம். நான் அதிக நேரம் நிற்கிற இடம் அதுதான்.

புதிதாக வருகிறவரை நிலைகுலைய வைப்பது டிரேயேஜ். லாரியிலிருந்து இறக்கி உங்கள் ஸ்டால் வரை கொண்டுவந்து வைக்க, அரங்கத்தின் ஒப்பந்ததாரர் வாங்கும் கூலி அது. வழக்கமாக 100 பவுண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு, மேலே நூறாக முழுமையாக்குவார்கள். சரக்கு 210 பவுண்டு என்றால் பில் 300 பவுண்டுக்கு வரும். பல இடங்களில் குறைந்தபட்சமே 200 பவுண்டு. 40 பவுண்டுப் பெட்டி ஒன்றை அனுப்பினாலும் அந்தக் காசைக் கட்டியாக வேண்டும். நுரைப் பிணம் எடை குறைவு, இடம்தான் அடைக்கும். ஒழுங்கில்லாத வடிவம், தனியாகக் கையாள வேண்டும் என்று சொல்லி அதற்கும் கூடுதல் கட்டணம் போடுவதுண்டு. சொந்த வண்டியில் வந்து, தள்ளுவண்டி இல்லாமல் கையிலேயே தூக்கிப் போனால் காசு இல்லை என்று சில அரங்கங்கள் விடும், சில விடாது. இந்த விதி ஊருக்கு ஊர், அரங்கத்துக்கு அரங்கம் மாறும். ஒப்பந்தம் போடும் முன், ஒரு ஆள் ஒரு நுரைப் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த வாசல் வழியாக நடந்து போகலாமா என்று நேராகக் கேட்பேன். பதிலை எழுத்தில் வாங்குவேன்.

தொழிற்சங்க விதிகளும் அப்படித்தான். மின்சாரத்தைச் சங்கத்து எலக்ட்ரீஷியன் இணைப்பது நியாயம், பாதுகாப்பும்கூட. ஆனால் தன் ஸ்டாலில் தானே ஒரு திருகாணி முறுக்கக்கூடாது என்றால் சின்ன வியாபாரி பொறுக்கமாட்டார், பெரியவரும் பொறுக்கமாட்டார். சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸுக்கு அதுதான் நடந்தது. 1971 முதல் அங்கே நடந்துவந்த என்.பி.இ. என்ற பிளாஸ்டிக் தொழில் கண்காட்சி, செலவைக் காரணம் காட்டி 2012 முதல் ஆர்லாண்டோவுக்குப் போவதென்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டது. இல்லினாய்ஸ் சட்டமன்றம் 2010-இல் அரங்கத்தின் வேலை விதிகளை மாற்றிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நகரத்துக்கே அந்த நிலை.

மற்றத் தொழில்களின் கண்காட்சியில் எழாத சில கேள்விகள் இங்கே எழும். அரங்கத்தின் மேல்விளக்குகளைப் பகுதி பகுதியாக அணைக்க முடியுமா? நகை வியாபாரிக்கு வெளிச்சம் வேண்டும், பேய் வியாபாரிக்கு இருட்டு வேண்டும். பாயும் பொம்மைகள் எல்லாம் கம்ப்ரஸர் காற்றில் ஓடுபவை. தரையில் காற்றுக்குழாய் இணைப்பு இருக்கிறதா, இல்லையென்றால் ஆளுக்கொரு கம்ப்ரஸர் வைத்தால் காது என்னாவது? சங்கிலி கழற்றிய மரமறுக்கும் இயந்திரத்தை உறுமவிட்டுக் காட்டுவது இவர்களுக்கு அன்றாட வேலை. அரங்கத்துக்குள் பெட்ரோல் இன்ஜினை ஓட்டலாமா, எங்கே ஓட்டலாம்?

பக்கத்து மண்டபத்தில் அதே வாரக் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரு வருடம் எங்களுக்கு அடுத்த கூடத்தில் பள்ளிச் சிறுமிகளின் வாலிபால் போட்டி. பொதுக் கழிப்பறை, பொதுத் தாழ்வாரம். எட்டு வயதுத் தங்கை ஒருத்தி, தள்ளுவண்டியில் போன தலையில்லாத உடலைப் பார்த்துவிட்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விசும்பிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. பயத்தை விற்பது, காசு கொடுத்து விரும்பி வருகிறவருக்கு மட்டும். மற்றவர் பாதையில் அதைக் கொண்டுபோய் வைக்க நமக்கு உரிமை இல்லை. அன்று மாலையே தாழ்வாரத்துக்குத் திரை போட்டோம், சரக்கை எல்லாம் போர்த்தித்தான் தள்ளினோம். அதன் பிறகு தனி நுழைவாயில் இல்லாத அரங்கத்தை நான் பரிந்துரைப்பதே இல்லை.

தீயைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்சர் பூங்காவின் பேய்க் கோட்டையில் தீப்பிடித்தது. லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இருட்டு வளைவுப் பாதை அது. உள்ளே நுரை மெத்தை, துணி, பிளாஸ்டிக். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. எட்டு பேர் வெளியே வரவில்லை, எட்டு பேரும் பதின்வயதினர். பேய் வீட்டில் வழி தெரியாமல் போவதுதான் விளையாட்டு. புகையைப் பார்த்தால் அதுவும் காட்சியின் பகுதி என்று நினைப்பார்கள். அலறல் கேட்டாலும் அப்படியே. இதைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்கக் கட்டட விதிகளில் இத்தகைய இடங்களுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது: ஸ்பிரிங்க்ளர் வேண்டும், புகையை உணரும் கருவி வேண்டும், அது அலறினால் விளக்குகள் தாமாக எரிந்து, பயமுறுத்தும் சத்தம் தாமாக நின்று, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், கறாரான தீயணைப்பு அலுவலகம் உள்ள ஊரைத் தேடிப் போங்கள். பல ஏற்பாட்டாளர்கள் எதிர்மாறாகச் செய்கிறார்கள். "அங்கே கண்டுக்கமாட்டாங்க" என்பதை ஒரு வசதியாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். இந்தச் சந்தைக்கு வருகிற சோளக்காட்டுக் குடும்பம் இங்கே பார்ப்பதைத்தான் ஊருக்குப் போய்த் தன் கொட்டகையில் செய்யும். கண்காட்சியில் சான்றிதழ் இல்லாத துணி தொங்கினால், அக்டோபரில் முந்நூறு கொட்டகைகளில் அதே துணி தொங்கும். கண்டிப்பான ஆய்வாளர் ஒருவர் அரங்கத்தைச் சுற்றி வந்தால், அவர் போகாத ஊர்களிலும் அந்தக் கண்டிப்பு போய்ச் சேரும். மூடிய கூரை போட்ட ஸ்டாலுக்கு என்ன விதி, புகை மெஷின் ஓடும்போது அரங்கத்தின் புகை உணரிகளை என்ன செய்வது, அவற்றை நிறுத்தினால் கண்காணிப்புக்கு எத்தனை ஆள் நிற்க வேண்டும், அந்தச் சம்பளம் யார் தலையில் விழும் என்பதெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவை. அரங்க விற்பனை அதிகாரி "பார்த்துக்கலாம்" என்று சொல்வது அனுமதி ஆகாது.

ஹோட்டலைப் பற்றி ஒன்றுதான். மொத்தமாக அறைகள் பிடிக்கும்போது, இத்தனை சதவீதம் நிரம்பாவிட்டால் நாம் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். வேனில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியே, வண்டி நிறுத்த இடமுள்ள மலிவான மோட்டலில்தான் தங்குவார்கள். அதைத் தெரிந்துகொண்டு அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்தே எழுதுங்கள்.

பக்கத்தில் நல்ல பேய் வீடு இருக்கிற ஊர் என்றால் அது கூடுதல் பலம். சந்தை நடக்கும் நாட்களில் உள்ளூர்க்காரர்கள் தங்கள் பேய் வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, சுவருக்குப் பின்னால் குழாய் எப்படிப் போகிறது, அவசர வழி எங்கே என்று சக தொழில்காரர்களுக்குக் காட்டும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. போட்டியாளருக்குத் தன் சுவரின் பின்பக்கத்தைக் காட்டுகிற தொழில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. மூன்று நாள் கருத்தரங்கில் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும்.

ஒஹாயோ தம்பதியை அடுத்த ஆண்டு வேறு ஊரில் பார்த்தேன். தீப்பிடிக்காதபடி பதம் செய்த துணி, அதன் சான்றிதழ் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஸ்டால் முகப்பில் ஆணியில் தொங்கியது. ஆய்வாளர் வந்து துண்டு வெட்டக் கத்தரியை எடுத்தபோது, அந்த அம்மா தானே வெட்டி வைத்திருந்த துண்டை நீட்டினார். அதை வாங்காமல், துணியின் உள்பக்கத்திலிருந்து வேறொரு துண்டு வெட்டிக்கொண்டார் அவர். வெளியே போய்த் தீக்குச்சி கொளுத்தினார். விலக்கிய மாத்திரத்தில் துணி அணைந்தது.

அடுத்த மாதம் இன்னோர் ஊருக்கு அரங்கம் பார்க்கப் போகிறேன். அளவு நாடா, டார்ச், சின்னதாக ஒரு புகை மெஷின் மூன்றையும் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்குத் தீயணைப்பு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். ஹோட்டல்காரர்களை மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.