லீக் இல்லை என்பதால் ஆயில் இருக்கிறது என்று அர்த்தமில்லை

போன திங்கட்கிழமை காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். காங்கேயத்திலிருந்து தினமும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறவர். போக வர 50 கிலோமீட்டருக்கு மேல். வரும் வழியில் இன்ஜினில் ஒரு கரகரப்பு, அடுத்த நொடி பின் சக்கரம் பூட்டிக்கொண்டது என்றார். பின்னால் லாரி எதுவும் வராதது அவர் அம்மா செய்த புண்ணியம்.

கிக்கரை மிதித்துப் பார்த்தேன். கல்லை மிதிப்பது போல இருந்தது. அடியில் தட்டை வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஒரு டீ கிளாஸ் அளவுக்குத் தார் மாதிரி ஏதோ வந்தது, அவ்வளவுதான்.

"ஆயில் எப்ப மாத்துனீங்க தம்பி?"

"ஆறு மாசம்தாங்கண்ணா ஆகுது. ஒரு சொட்டு லீக்கூட இல்லீங்களே."

இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது வண்டி. மூன்று பேரும் சொன்னது இதே வாக்கியம்தான். அதனால்தான் வேலையை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பிக்கு ஆன செலவைச் சொல்கிறேன். பிஸ்டனும் அது ஓடும் சிலிண்டரும் சேர்ந்த பிளாக் பிஸ்டன் செட், கிராங்க், பேரிங், கேஸ்கெட், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய். அதுவும் வண்டி நான்கு நாள் பட்டறையில் கிடந்தது, அவர் பஸ்ஸில் அலைந்தார். இடையில் ஒரு முறை ஆயில் மாற்றியிருந்தால் 400 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். "பணம் மிச்சம் பண்ணத்தாங்கண்ணா தள்ளிப் போட்டேன்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அவருடைய பாதி மாதச் சம்பளம் அது.

முதலில் இந்த "லீக் இல்லை" விஷயத்தைப் பேசிவிடுகிறேன். தரையில் சொட்டினால்தான் ஆயில் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். வீட்டில் விளக்கு ஏற்றுகிறீர்கள். எண்ணெய் கீழே சிந்துகிறதா? இல்லை. ஆனால் காலையில் பார்த்தால் அகல் காலி. எரிந்துபோனது. இன்ஜினிலும் அதேதான் நடக்கிறது. பிஸ்டன் ரிங் தேயும், வால்வ் சீல் காய்ந்துபோகும். ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, சைலன்சர் வழியாகப் போய்விடும். புகை வருமே என்பீர்கள். 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி எரிந்தால் உங்கள் கண்ணுக்குப் புகை தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 சிசி வண்டியில் இருப்பதே ஏறக்குறைய 1 லிட்டர். இந்தத் தம்பி ஆறு மாதத்தில் ஓட்டியது 8,000 கிலோமீட்டர். 800 மில்லி காற்றில் போயிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை, அவர் சொன்னது முழு உண்மை.

காரில் ஆயில் பிரஷர் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். நாம் ஓட்டும் சாதாரண 100, 125 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. வண்டி உங்களிடம் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி உள்ளே வைத்து எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் மரையைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும், உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. சில வண்டிகளில் இன்ஜின் ஓரத்தில் சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கும், குனிந்து பார்த்தாலே போதும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். பழைய வண்டி என்றால் வாரம் ஒரு முறை.

ஆயில் மாற்றுவதை மாதக் கணக்கில் பேசாதீர்கள், அதுவும் ஒரு பெரிய கோளாறு. ரிட்டயர்டு வாத்தியார் ஆறு மாதத்தில் 900 கிலோமீட்டர் ஓட்டுவார். இந்தத் தம்பி 8,000 ஓட்டுகிறார். இருவருக்கும் ஆறு மாதம் ஒன்றா? கையேட்டில் கிலோமீட்டரும் போட்டிருக்கும், மாதமும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மாற்றிய அன்றே மீட்டர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆர்சி புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அப்புறம், டாப் அப் செய்வது ஆயில் மாற்றுவது ஆகாது. அழுக்கு சாம்பாரில் ஒரு கரண்டி புதுச் சாம்பார் ஊற்றினால் அது புதுச் சாம்பார் ஆகிவிடுமா?

இன்னொன்று, கார் ஆயில். "விலை அதிகமான கார் ஆயிலே வாங்கிப் போட்டேன், வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள். கியர் பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. பல கார் ஆயில்களில் வழுக்கலைக் கூட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, உங்கள் கிளட்ச் பிளேட் அதில் வழுக்கும். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. 10டபிள்யூ-30 என்ற தடிமன் கேட்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 கெட்டியாக இருக்கிறதே, நல்லதுதானே என்று ஊற்றாதீர்கள். உங்கள் வண்டிக்கு என்ன தடிமன் என்று அதைச் செய்தவன் எழுதிக் கொடுத்திருக்கிறான், அதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

சரி, செயினுக்கு வருகிறேன். இங்கேயும் மிச்சம் பிடிக்கிறேன் என்று காசைக் கொட்டுகிறார்கள். செயின் தேய்ந்துபோனால் செயினை மட்டும் மாற்றித் தரச் சொல்வார்கள். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், "அது ஓடட்டும்ணா" என்பார்கள். பழைய பல் புதுச் செயினை இரண்டு மூன்று மாதத்தில் தின்றுவிடும். முன் பல், பின் பல், செயின் மூன்றும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ரோலான் செயின் செய்வது நம் பக்கத்துக் கோயம்புத்தூர் கம்பெனி, டைமண்ட் செயின் சென்னைக் கம்பெனி. நல்ல செட் கிடைப்பது நமக்கு ஒரு கஷ்டமே இல்லை.

ஆனால் செட் மாற்றும் நாளை எவ்வளவு தூரம் தள்ளிப்போடுகிறீர்கள் என்பதில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, செயின் ஸ்பிரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ விடுங்கள். மழையில் ஓட்டினால் அன்று மாலையே. பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உள்ள செயினில் அந்த ரப்பர் கெட்டுவிடும். இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் இரும்புத் தூள் இருக்கிறது. தேய்ப்பதற்கு நீங்களே மருந்து வைக்கிறீர்கள். செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். விறைப்பாக வைத்தால் பேரிங் போகும், தொளதொளவென்று விட்டால் செயின் கழன்று விழும்.

ஸ்பேர்ஸ் விஷயத்தில் எல்லாவற்றையும் ஷோரூமிலேயே வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. வண்டிக் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. ஸ்பார்க் பிளக், பேட்டரி, செயின், பிரேக் ஷூ, பேரிங், பல்பு இதெல்லாம் வேறு கம்பெனிகள் செய்து கொடுப்பவை. அதே கம்பெனி அதே தரத்தைத் தன் சொந்தப் பெட்டியில் போட்டு வெளிக்கடையிலும் விற்கிறது, பல நேரம் விலை குறைவாகவே கிடைக்கும். உங்கள் பழைய பாகத்தைக் கழற்றியதும் அதன்மேல் பொறித்திருக்கும் பெயரைப் படியுங்கள். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையாகக் காசு மிச்சமாகும் வழி இது.

கண்ணாடி, ஃபுட் ரெஸ்ட் ரப்பர், சீட் கவர், கைப்பிடி, சைடு பேனல், இண்டிகேட்டர் கூடு, லெக் கார்டு. இவற்றில் லோக்கல் வாங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதிகபட்சம் ஒரு வருடத்தில் நிறம் மங்கும். பாடி பாகங்களைப் பழைய மார்க்கெட்டில்கூட வாங்கலாம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை தெரியாமல் இருக்காது. ஆனால் பழைய இன்ஜினை அங்கே வாங்கி மாட்டாதீர்கள். இன்ஜின் நம்பர் ஆர்சியில் ஏற வேண்டும், பில் வேண்டும், ஆர்டிஓவுக்குப் போக வேண்டும். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது நீங்கள்.

பிரேக்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளர் வேறெங்கோ மாட்டிய பெயரில்லாத பிரேக் ஷூவோடு வந்தார். ஒரிஜினலுக்கும் அதற்கும் நூறு ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம். லைனிங் ஷூவிலிருந்து அப்படியே பெயர்ந்து டிரம்முக்குள் மடங்கிக் கிடந்தது. சக்கரம் பூட்டி, அவர் மனைவியும் குழந்தையும் பின்னால் இருக்க வண்டி சாய்ந்திருக்கிறது. குழந்தைக்குக் கை முறிவு. அந்த ஷூவை இன்றும் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். பிரேக் ஷூ, டிஸ்க் பேட், பிரேக் கேபிள், டயர், சக்கர பேரிங், ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட். இந்த ஆறிலும் பேரம் வேண்டாம். டிஸ்க் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆஃபரில் தருகிறேன் என்று கடைக்காரர் நீட்டும் டயர் ஐந்தாறு வருடம் கோடவுனில் கிடந்ததாக இருக்கலாம். காற்றை வாரம் ஒரு முறை, வண்டி சூடேறுவதற்கு முன் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். எவ்வளவு வேண்டும் என்பது செயின் கார்டிலோ கையேட்டிலோ இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு. மைலேஜ் குறைகிறது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு நான் காற்றடித்துத்தான் அனுப்புகிறேன்.

ஏர் பில்டரை எல்லாரும் காற்றடித்துச் சுத்தம் செய்கிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஆயில் பூசிய பேப்பர் பில்டர் என்றால் அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அடித்தால் பேப்பர் கிழிந்து தூசி நேரே பிஸ்டனுக்குப் போகும். கொஞ்சம் ரூபாயைப் பார்த்து பிளாக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

செலவே செய்ய வேண்டாத இடங்களும் உண்டு. சர்வீஸுக்கு விடும்போது இன்ஜின் ஃபிளஷ், ஆயிலில் கலக்கும் டப்பா, பெயின்டுக்கு டெஃப்லான் கோட்டிங் என்று பில்லில் வரிசையாக ஏறும். கையேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், அதில் எம்ஆர்பி அச்சிட்டிருக்க வேண்டும். இதைக் கேட்டால் கோபப்படுகிற மெக்கானிக்கிடம் மறுபடி போகாதீர்கள். என்னிடம் கேட்டாலும் நான் கோபப்பட மாட்டேன், கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

அந்தக் காங்கேயம் தம்பியின் வண்டி வெள்ளிக்கிழமை தயாரானது. சாவி கொடுக்கும் முன் அவர் கையாலேயே டிப் ஸ்டிக்கைக் கழற்றி, துடைத்து, வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது முறையே சரியாகச் செய்துவிட்டார். புது பிளாக் என்பதால் முதல் 500 கிலோமீட்டருக்கு வேகம் நாற்பதைத் தாண்ட வேண்டாம், 500 ஆனதும் இந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும் என்று சொல்லி மீட்டர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தினம் 50 என்றால் பத்து வேலை நாளில் 500 வந்துவிடும். அவர் வரவில்லையென்றால் நானே போன் செய்து கூப்பிடுவேன்.