புரபோசலில் எழுத வேண்டியது எது, யூசர் ஸ்டோரிக்கு விட வேண்டியது எது

மென்பொருள் செய்து தரச் சொல்லி வருபவர்கள் முதலில் கேட்பது புரபோசல்தான். எவ்வளவு ஆகும், எப்போது முடியும், என்னென்ன இருக்கும்? பணம் போடுகிறவர் இதையெல்லாம் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதி, அதில் கையெழுத்தும் வாங்கும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், பில்லிங் மென்பொருளுக்காகத் தனக்கு வந்த புரபோசலைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார். விற்பனை ரிப்போர்ட், கொள்முதல் ரிப்போர்ட், இருப்பு ரிப்போர்ட் என்று நீளமான பட்டியல். அவர் கடையில் வசூல் லைனுக்குப் போகிற ஊழியரிடம் பேசினேன். காலையில் கிளம்பும்போது, அன்றைக்குப் போகிற வழியில் எந்தக் கடை எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி என்று போனில் தெரிந்தால் போதும் என்றார். பட்டியலில் அது இல்லை. கையெழுத்தான பிறகு கேட்டிருந்தால் சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்று தனியாகக் காசு கேட்பார்கள்.

இதையே யூசர் ஸ்டோரியாக, அதாவது பயன்படுத்துகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று தன் பக்கத்திலிருந்து சொல்லும் ஓரிரு வரியாக எழுதினால் இப்படி வரும்: "வசூலுக்குப் போகிறவராக, இன்றைய லைனில் உள்ள கடைகளின் பாக்கியை நாள் கணக்கோடு போனில் பார்க்க வேண்டும், பழைய பாக்கியை முதலில் கேட்பதற்காக." யார், என்ன, எதற்கு என்ற இந்த வடிவம் 2001 வாக்கில் லண்டனில் கனெக்ஸ்ட்ரா என்ற நிறுவனத்தில் உருவானது. ஸ்டோரி என்ற வழக்கம் அதற்கும் முந்தையது. 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் என்ற மென்பொருள் பொறியாளரும் அவருடன் இருந்தவர்களும் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்குத் திட்டத்தில் பயன்படுத்தியது. அந்தக் குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், கார்டு (ஸ்டோரியை எழுதும் சின்ன அட்டை), உரையாடல், உறுதிப்படுத்தல் (கேட்டபடி வந்ததா என்று சோதிப்பது) மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்டோரி என்று 2001இல் எழுதினார். இதில் நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், "செக் கொடுத்துட்டாங்க, இன்னும் பாஸாகல. அதைப் பாக்கியில காட்டலாமா?" என்ற கேள்வி வந்தது. எந்தப் புரபோசலிலும் இது வராது.

அதற்காக ஸ்டோரிகளை மட்டும் நம்பி இறங்கவும் கூடாது. பழைய கணக்கைப் புது மென்பொருளுக்கு யார் மாற்றித் தருவது, பேக்கப் யார் பொறுப்பு, சோர்ஸ் கோடு (மென்பொருளின் மூல நிரல்) யாருக்குச் சொந்தம்? வசூலுக்குப் போகிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார். சட்டம் கேட்பதையும் அவர் சொல்ல மாட்டார். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். இது பேசித் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. புரபோசலிலேயே எழுதிவிட வேண்டும்.

அதனால் நான் எழுதும் புரபோசலில் நோக்கம், செலவின் உச்ச வரம்பு, சட்டத் தேவைகள், எதைச் செய்ய மாட்டோம் என்பது, இவை மட்டும் உறுதியாக இருக்கும். திரைகளின் பட்டியல் இருக்காது. டெண்டர் என்றால் பட்டியல் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். தனியார் வேலையில் வாடிக்கையாளர் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய வரி ஒன்று உண்டு: இன்னும் தொடங்காத ஸ்டோரியை எடுத்துவிட்டு, அதே அளவு வேலையுள்ள வேறொன்றைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சம்மதிக்காத நிறுவனத்திடம், ஏன் முடியாது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.