வீதப்பட்டி: டாரிஃபுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

பக்கத்து வீட்டுக்காரர் முன்னறையை மளிகைக்கடை ஆக்கினார். மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். "டாரிஃப் மாத்தணும் சார்" என்றார் அவர். "வீதப்பட்டி மாற்றமா? இந்தப் படிவத்தை நிரப்புங்க" என்றார் மேசையில் இருந்தவர். அட, நாம் தேடிக்கொண்டிருக்கும் சொல் இங்கே புழக்கத்திலேயே இருக்கிறதே என்று தோன்றியது.

செய்தித்தாள்கள் டாரிஃபை 'மின் கட்டணம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கட்டணம் என்பது நாம் கட்டும் தொகை. டாரிஃப் அந்தத் தொகைக்கு முந்தியது. யாருக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை யூனிட் வரை என்ன விலை என்று சொல்லும் பட்டியல் அது. வீதங்களின் பட்டி. கடைக்காரர் வீட்டுப் பட்டியான 1-ஏயிலிருந்து வணிகப் பட்டியான 5-க்குப் போகிறார். அவர் எரிக்கும் யூனிட் மாறாவிட்டாலும் கட்டணம் மாறும்.

சொல்லின் வேர் அரபு. 'தஃரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல். 'அறிந்தவர்' என்று பொருள்படும் ஆரிஃப் என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். மத்தியதரைக்கடல் வணிகத்தில் இத்தாலிய மொழிக்குப் போய் 'தாரிஃபா' ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது சுங்கத் தீர்வைப் பட்டியல். ஸ்பெயினின் தாரிஃபா துறைமுகத்தில் கப்பல்களிடம் பணம் பறித்ததால் வந்த சொல் என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அந்த ஊருக்குப் பெயர் வந்தது தாரிஃப் இப்னு மாலிக் என்ற படைத்தலைவரால். ஏற்றுமதி இறக்குமதிச் செய்தியில் டாரிஃப் வந்தால் 'தீர்வை' என்றே எழுதலாம். வீதப்பட்டி அங்கே பொருந்தாது.

மின்துறையில் இந்தப் பட்டிக்குள்தான் முதலீடும் எரிபொருளும் ஒளிந்திருக்கின்றன. 1892இல் ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரமே விளக்கெரித்தாலும், அந்த ஒரு மணிக்காக எந்திரம் காத்து நிற்க வேண்டும். எனவே காத்து நிற்பதற்கு ஒரு விலை, எரித்த யூனிட்டுக்கு ஒரு விலை. இந்தியாவில் கே.பி.ராவ் குழுவின் பரிந்துரைப்படி 1992இல் மத்திய அரசின் அனல் நிலையங்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு வந்தது.

முதல் பகுதி நிலைக்கட்டணம். நிலையம் கட்டிய பணத்தில் 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல் என்று வைத்து, அந்த முதலுக்கு 15.5 சதவீத வருவாயை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கிறது. நிலையம் ஆயத்தமாக இருந்தால் போதும், யாரும் மின்சாரம் எடுக்காவிட்டாலும் இந்தப் பணம் வந்துவிடும். கடன் கொடுக்கும் வங்கி முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இரண்டாவது எரிபொருள் செலவு. நெய்வேலியில் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே கொதிகலன். வடசென்னை அனல் நிலையத்துக்கு வரும் ஒடிசா நிலக்கரியோ தால்சரில் ரயிலேறி, பாராதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்க வேண்டும். அந்தக் கூலியெல்லாம் யூனிட் விலையில் ஏறும். எரிபொருள் செலவு குறைந்த நிலையத்தை முதலில் ஓட்டு என்பது விதி. இதை 'தகுதி வரிசை' என்று மொழிபெயர்க்கிறார்கள். தகுதிக்கு இங்கே என்ன வேலை? 'செலவு வரிசை' என்றால் சட்டென்று புரிந்துவிடும். நிலக்கரி, எரிவாயுச் செலவே இல்லாத சூரிய மின்சாரம் அந்த வரிசையில் முன்னால் நிற்கும்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, வீதப்பட்டி கேட்டு மின்நிறுவனம் தரும் விண்ணப்பத்தை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களைப் பார்த்து, 120 நாளுக்குள் ஆணையம் ஆணையிட வேண்டும். ஊருக்குத் தெரியப்படுத்தாமல் பட்டி இல்லை. அரபு வேர் இங்கே அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் வீடுகளுக்கான நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டதால் நம் ரசீதில் இந்த இரட்டைக் கணக்கு தெரியாது. ஆலைகளின் ரசீதிலோ, காத்து நிற்பதற்கான விலை 'கேட்புக் கட்டணம்' என்று தனி வரியாகவே இருக்கும்.